கானுயிர்களுக்காகப் பேசிய மா. கிருஷ்ணன்

நுழையும்முன்

காட்டு விலங்குகளைக் கொன்றவர்களின் புகழ் பாடப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அவற்றைக் கொல்வது குற்றம் என்று சட்டம் சொல்லும் காலம் இது. இவ்விரு காலங்களுக்கும் இடையில் நம் நாட்டின் காடுகளில் நிகழ்ந்த இழப்பு மிகப் பெரிது. அந்த இழப்பைத் தம் கண்ணால் கண்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இடைவிடாது எழுதியும் படம் எடுத்தும் நாட்டை விழிக்கச் செய்த தமிழர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

குறிச்சியும் வேட்டையும்

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் பேளுக்குறிச்சி. குறிஞ்சி நிலத்து ஊர்களைக் குறிச்சி என்று வழங்குவது பண்டைத் தமிழ் மரபு. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அந்நிலத்து மக்களின் தொழில்களுள் ஒன்று வேட்டை. இவ்வூரை ஒட்டிய குன்றில் கோயில் கொண்டுள்ள முருகனும் வேடர் கோலத்திலேயே காட்சி தருகிறார். ஊரின் பெயர், தெய்வத்தின் கோலம் ஆகிய இரண்டும் பழைய வேட்டை வாழ்வை நினைவூட்டுகின்றன.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வியந்து பாடியுள்ளார். புலவரின் நோக்கம் அரசனின் வில்லாற்றலைப் போற்றுவது. ஆயினும் அப்பாடல் இன்று நமக்கு இன்னொரு செய்தியையும் தருகிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தும் கொல்லிமலைக் காட்டில் வாழ்வன என்று கொள்வதில் அக்காலத்தார்க்கு ஐயம் எழவில்லை. இன்று அம்மலையில் யானையும் இல்லை, புலியும் இல்லை.

வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடிய காலத்தில் காடு பரந்து கிடந்தது, கொல்வோர் சிலர், கொல்லும் கருவியின் ஆற்றலும் சிறிது. துப்பாக்கி வந்த பின்பு இந்நிலை மாறியது. காடு சுருங்கியது, கருவியின் ஆற்றல் பெருகியது, விலங்கின் தோலுக்கும் தந்தத்துக்கும் உலகச் சந்தையில் விலை ஏற்பட்டது. இம்மாற்றத்தின் நடுவே வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன்.

பிறப்பும் இளமையும்

மா. கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். இவருடைய தந்தை அ. மாதவையா, பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை இயற்றித் தமிழ்ப் புதின வரலாற்றில் இடம்பெற்றவர். எட்டு மக்களுள் கிருஷ்ணனே கடைசிப் பிள்ளை. மூத்தவர்களுள் ஒருவரான மா. அனந்தநாராயணன் பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கினார்.

மாதவையா அரசுப் பணியிலிருந்து முன்னதாகவே விலகி, எழுத்துப் பணிக்கே தம்மை ஒப்படைத்தார். பஞ்சாமிர்தம் என்னும் இதழையும் நடத்தினார். 1925ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் அவையில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என வலியுறுத்திப் பேசிய அன்று அவ்வவையிலேயே அவர் உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தாம் நம்பிய ஒன்றுக்காக இறுதி மூச்சுவரை வாதாடும் இயல்பைத் தந்தையிடமிருந்து மகன் பெற்றார் எனலாம்.

குடும்பம் வாழ்ந்த மயிலாப்பூர் அந்நாளில் இன்றுபோல் கட்டடங்கள் நெருங்கிய பகுதியாக இல்லை. புதர்க்காடும் வெட்டவெளியும் நீர்நிலைகளும் வீட்டுக்கு அருகிலேயே இருந்தன. பறவை, அணில், கீரி, ஓணான் என அச்சிறுவனின் தோழர்கள் பலர். சிறுவயதில் கீரி ஒன்றையும் அவர் வளர்த்தார். பள்ளிப் படிப்பில் பெரிதாக ஊக்கம் காட்டாத அவர், உயிர்களை உற்றுநோக்குவதில் மட்டும் சலிப்படையவில்லை.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பின், 1927இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குத் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பைசன். தென்னிந்திய மலைகளின் தாவரங்களைப் பற்றிய நூல்களால் அறியப்பட்ட அறிஞர் அவர். அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்ற களப்பயணங்களில், ஒரு செடியை அது வளரும் மண்ணோடும் சூழலோடும் சேர்த்துப் பார்க்கும் பார்வையைக் கிருஷ்ணன் கற்றார். பைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் பழகினார். பின்னர்ச் சட்டமும் படித்து 1936இல் பட்டம் பெற்றார். எனினும் வழக்குமன்றம் அவரை ஈர்க்கவில்லை.

சந்தூரில் ஏழாண்டுகள்

படித்த படிப்புக்கேற்ற நிலையான வேலை அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. இதழ்களுக்குக் கட்டுரை எழுதியும் படம் வரைந்தும் சிறு வருவாய் ஈட்டினார். 1942இல், இன்றைய கர்நாடக மாநிலத்தின் பல்லாரிக்கு அருகிலிருந்த சந்தூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார்.

அலுவல் எதுவாயினும் அவர் மனம் நாடியது சந்தூரைச் சூழ்ந்த குன்றுகளையே. ஆடு வளர்த்தார், புறாக்களைப் பழக்கினார், காட்டில் நெடுந்தொலைவு நடந்தார். மக்களின் வாழ்வும் விலங்கின் வாழ்வும் ஒன்றோடொன்று உரசும் இடங்களை அங்கே அண்மையிலிருந்து கண்டார். 1949இல் சந்தூர் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபோது அவர் சென்னைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. மனைவியும் மகனும் உள்ள குடும்பத்தலைவர். அந்நிலையிலும் மாதச் சம்பளம் தரும் வேலையை நாடாமல், எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்வது என்று முடிவு செய்தார். கானுயிர் பற்றி எழுதி ஒருவர் வாழ முடியும் என்று எவரும் எண்ணாத காலம் அது.

எழுத்தும் ஒளிப்படமும்

1950இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் கிருஷ்ணன் இருவாரத்துக்கு ஒருமுறை இயற்கை பற்றிய பத்தி ஒன்றை எழுதத் தொடங்கினார். அப்பத்தி 1996இல் அவர் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்தது. யானையும் புலியும் மட்டும் அதன் பொருளாக அமையவில்லை. வீட்டுக் கூரையின் காகம், தெருவோரப் புளியமரம், கழுதை, பல்லி, மைனா என அன்றாடம் நாம் கண்டும் காணாமல் கடந்து செல்லும் உயிர்களும் அதில் இடம்பெற்றன. தாம் நேரில் காணாத எதையும் கண்டதாக எழுதுவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

ஒளிப்படக் கலையில் அவர் கருப்பு வெள்ளையையே விரும்பினார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான படக்கருவி ஒன்றைத் தோளில் சுமந்து காடுகளில் அலைந்தார். முதுமலை, பெரியாறு போன்ற காடுகளில் காட்டு யானைகளைக் கால்நடையாகச் சென்றும், பழகிய யானையின் மேல் அமர்ந்தும் படமெடுத்தார். காற்றின் திசை, யானையின் செவி அசைவு, துதிக்கையின் நிலை ஆகியவற்றைக் கொண்டு அதன் மனநிலையை அறியும் பயிற்சி அவருக்கு இருந்தது. மனிதருக்கு மனிதர் குணம் வேறுபடுவதுபோல் யானைக்கு யானை குணம் வேறுபடும் என்பதை அவர் தம் எழுத்தில் திரும்பத் திரும்ப விளக்கினார்.

வேட்டை மாறிய விதம்

கிருஷ்ணன் எழுதத் தொடங்கிய காலம் இந்தியக் கானுயிர்களுக்குக் கொடிய காலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜீப் வண்டிகள் பெருகின. பயிர்ப் பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகள் வேட்டைக்குப் பயன்பட்டன. இரவில் வண்டியில் சென்று, வலுவான ஒளிவிளக்கைக் கண்ணில் பாய்ச்ச, விலங்கு திகைத்து நின்றுவிடும். அதைச் சுடுவதற்குத் திறமையோ துணிவோ தேவையில்லை. ஒரு காலத்தில் மந்தை மந்தையாகத் திரிந்த வெளிமான்கள் சமவெளிகளிலிருந்து இவ்வாறே மறைந்தன.

நம் நாட்டின் சிவிங்கிப்புலியின் முடிவு இதற்கு ஒரு சான்று. 1947இல் இன்றைய சத்தீசுகர் மாநிலப் பகுதியில், கடைசியாக அறியப்பட்ட மூன்று சிவிங்கிப்புலிகளும் ஒரே இரவில் சுட்டுக் கொல்லப்பட்டன. 1952இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஓர் இனம் அழிவதற்குப் படை எடுத்து வரவேண்டியதில்லை. ஒளிவிளக்கும் துப்பாக்கியும் சிறிது பெருமித உணர்வும் போதும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

வேட்டையாடிய பலர் பிற்காலத்தில் பாதுகாவலர்களாக மாறியது உண்டு. குமாவுன் மலைப்பகுதியில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட் அத்தகையோருள் ஒருவர். கிருஷ்ணன் இப்பாதையில் வந்தவர் அல்லர். அவர் காட்டுக்குள் கொண்டு சென்றவை குறிப்பேடும் படக்கருவியுமே.

கணக்கும் சட்டமும்

1968இல் கிருஷ்ணனுக்கு ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. அதன் துணையுடன் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். 1959 முதல் 1970 வரை அவற்றின் நிலையை விளக்கும் அவ்வாய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. எந்த விலங்கு எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது, எதனால் குறைகிறது என்பவற்றை ஒருவர் பல ஆண்டுகள் காடு காடாகச் சென்று திரட்டிய பதிவு அது. இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவர் இந்தியக் கானுயிர் வாரியத்திலும் உறுப்பினராகப் பணியாற்றினார். அக்காலத்தில்தான் நாட்டின் கானுயிர்க் கொள்கை உருப்பெற்றது. 1972இல் எடுக்கப்பட்ட கணக்கில் இந்தியா முழுவதும் 1,827 புலிகளே இருப்பதாகத் தெரியவந்தது. அதே ஆண்டில் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1973 ஏப்ரலில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் கிருஷ்ணன் இடம்பெற்றிருந்தார். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, புலிகளின் எண்ணிக்கை 3,682 என மதிப்பிட்டது. கணக்கிடும் முறைகள் வேறுபட்டாலும், அழிவின் விளிம்பிலிருந்து அவ்வினம் மீண்டது என்பதில் ஐயமில்லை.

உலக அளவிலும் அப்போது விழிப்பு ஏற்பட்டது. அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் உருவானது. 1976இல் இந்தியா அதில் இணைந்தது. ஒரு நாட்டில் கொல்லப்படும் விலங்கின் உறுப்பு மற்றொரு நாட்டில் விற்கப்படுவதால், ஒரு நாட்டின் சட்டம் மட்டும் போதாது என்பதே இவ்வுடன்படிக்கையின் அடிப்படை.

யானையும் தந்தமும்

யானையைக் காக்கும் சட்டம் நம் மாநிலத்துக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1873ஆம் ஆண்டிலேயே காட்டு யானைகளைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் நூறாண்டுகளுக்குப் பின், 1970களிலும் 1980களிலும், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களின் காடுகளில் தந்தத்துக்காக ஆண் யானைகள் பெருமளவில் கொல்லப்பட்டன.

இக்கொலையின் விளைவை மாணவர்கள் நுட்பமாக அறிதல் வேண்டும். ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. ஆசிய யானைகளில் நீண்ட தந்தம் ஆணுக்கு மட்டுமே வளர்கிறது. ஆண்களிலும் தந்தமில்லாத மக்னாக்கள் உண்டு. ஆகவே தந்த வேட்டை, கூட்டத்திலுள்ள ஆண்களையே தேர்ந்து அழிக்கிறது. பெண் யானைகள் உயிரோடு இருப்பதால் காட்டில் யானைகள் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஆண்கள் குறையக் குறையக் கன்று ஈனுதலும் குறையும். கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கை ஒன்றை மட்டும் நம்பினால் அழிவு தொடங்கியதையே நாம் அறியமாட்டோம். ஆண் எத்தனை, பெண் எத்தனை, கன்று எத்தனை எனப் பிரித்தறியப் பல்லாண்டு உற்றுநோக்கல் தேவை. கிருஷ்ணன் போன்றோரின் பொறுமையான களப்பணியின் பயன் இத்தகைய இடங்களில்தான் விளங்குகிறது.

மக்கள் காத்த பறவைகள்

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் பற்றி 1960இல் கிருஷ்ணன் எழுதிய கையேட்டை மாநில வனத்துறை வெளியிட்டது. கொக்கு, நாரை, நீர்க்காகம் முதலிய பறவைகள் கூடுகட்டும் அவ்வேரியை அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினர் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, மாவட்ட ஆட்சியரிடமிருந்து பாதுகாப்பு ஆணை பெற்றனர் என்பது வரலாறு. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பயனும் பரிவும் ஒன்றுசேர்ந்த இடத்தில் காவலுக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை.

எல்லாக் காடுகளிலும் இவ்விணக்கம் எளிதில் அமைவதில்லை. பன்றியும் யானையும் ஒரே இரவில் பயிரை அழித்துவிடும்போது, உழவர் அவ்விலங்கைப் பகையாகக் கருதுவது இயல்பு. நாட்டின் நிலத்தில் ஒரு சிறு பகுதியையேனும் மனிதத் தலையீடு இல்லாமல் முழுமையாக இயற்கைக்கு விட்டுவிட வேண்டும் என்பது கிருஷ்ணனின் கருத்து. காட்டை நம்பி வாழ்வோரின் உரிமைகளைச் சுட்டிக்காட்டி இக்கருத்தோடு மாறுபடுவோரும் உளர். மக்களையும் விலங்குகளையும் ஒருசேரக் காப்பது எவ்வாறு என்னும் வினா இன்றும் விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது.

கானுயிர் என்னும் சொல்லுக்குள் மரம் செடி கொடிகளையும் அவர் அடக்கினார். அயல்நாட்டு அலங்கார மரங்களைச் சாலையோரங்களில் நடுவதையும், மலைகளின் இயல்பான தாவரங்களை நீக்கிவிட்டுத் தைலமரத் தோட்டங்கள் அமைப்பதையும் அவர் எதிர்த்தார். மண்ணுக்குரிய மரம் மறைந்தால் அதனை நம்பிய பறவையும் பூச்சியும் மறையும் என்பதால் அவ்வெதிர்ப்பு எழுந்தது. வேட்டையால் விரைவாக நிகழும் அழிவு, வாழிடம் கெடுவதால் மெல்ல நிகழ்கிறது என்பதை அவர் முன்னதாகவே உணர்ந்திருந்தார்.

தமிழுக்குச் செய்த பணி

ஆங்கிலத்தில் மிகுதியாக எழுதிய கிருஷ்ணன், தாய்மொழியை மறந்தவர் அல்லர். தமிழில் வெளிவந்த கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகள் பற்றிய கட்டுரைகளை எழுதினார். சங்க இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி உடைய அவர், பண்டைப் புலவர்கள் விலங்குகளையும் பறவைகளையும் எவ்வளவு கூர்ந்து நோக்கியுள்ளனர் என்பதை உணர்ந்திருந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுக்க, அவை மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாக வெளிவந்தன. கதிரேசன் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் புதினத்தையும் அவர் படைத்துள்ளார்.

1995இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் தன் உலக ஐந்நூற்றுவர் சிறப்புப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. 1996 பிப்ரவரி 18ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் வயதில், அவர் சென்னையில் மறைந்தார்.

இன்றைய நிலை

யானைக்கும் புலிக்கும் பேச இன்று பலர் உள்ளனர். பெயர் அறியப்படாத சிற்றுயிர்களின் நிலையே கவலைக்குரியது. எறும்பையும் கறையானையும் உண்டு வாழும் அலங்கு, அதன் செதில்களுக்காகப் பிடிக்கப்பட்டுக் கிழக்காசிய நாடுகளுக்குக் கடத்தப்படுகிறது. அச்செதில் நம் நகத்தின் பொருளால் ஆனதே. அதற்கு மருத்துவக் குணம் உண்டு என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. இரவில் உலவும் தேவாங்கு, மூடநம்பிக்கைச் சடங்குகளுக்காகத் துன்புறுத்தப்படுகிறது. அதனைக் காக்கக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் அமைத்தது. வன்பரணர் பாடிய உடும்பும் இறைச்சிக்காகவும் எண்ணெய்க்காகவும் இன்றும் பிடிக்கப்படுகிறது.

இம்மூன்றும் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. அவற்றை வேட்டையாடுவோருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள்வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு. சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய், நாட்டுத் துப்பாக்கி, மின்கம்பி ஆகியன பன்றிக்கென வைக்கப்பட்டாலும் அவற்றில் சிக்குவது எந்த விலங்கு என்பதை வைத்தவரும் அறியார். சில வேளைகளில் சிக்குபவர் மனிதராகவும் இருப்பார்.

காட்டுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட பேளுக்குறிச்சி போன்ற அடிவார ஊர்களில் வாழ்வோர், வனக் காவலருக்கு முன்பே காட்டின் மாற்றத்தைக் காண்பவர்கள். எந்தப் பறவையின் குரல் சில ஆண்டுகளாகக் கேட்கவில்லை என்பதை அவர்களே முதலில் சொல்லக்கூடும். கிருஷ்ணன் எந்தப் பதவியின் துணையும் இன்றித் தொடங்கிய பணியும் இதுவே. கண்டதைக் கண்டவாறு குறித்துவைக்கும் பழக்கம் ஒவ்வோர் ஊரிலும் சிலருக்கேனும் இருக்குமாயின், இன்னோர் இனம் நம் அறிவுக்கு எட்டாமலேயே அற்றுப்போவதைத் தடுக்க முடியும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள முதியோர் மூவரிடம் உரையாடி, அவர்கள் இளமையில் கண்டு இன்று காணப்படாத விலங்கு, பறவைகளின் பட்டியலைத் தயாரிக்க.

2. ஒரு வாரக் காலம், நாளும் அரைமணி நேரம் ஒரே மரத்தை உற்றுநோக்கி, அங்கு வரும் உயிர்களைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் பதிவு செய்க.

3. பயிரைக் காக்கும் உழவரின் உரிமையும் கானுயிர்ப் பாதுகாப்பும் என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.